‘வாஸ் ஹேப்பன்ட்’ ஏன் தவறு?

வணக்கம். இன்சூரன்ஸ் கடிதத்தில் ‘தி பைக் வாஸ் டேமேஜ்ட்’ சரி, ‘தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’ மட்டும் தவறு என்கிறார்களே, இரண்டும் ஒரே மாதிரிதானே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான குழப்பம்தான்.

தமிழிலேயே யோசித்துப் பாருங்கள். ‘லாரி பைக்கைச் சேதப்படுத்தியது’ என்றால், ‘எதை?’ என்று கேட்கலாம். பைக்கை. அந்தச் செயப்படுபொருளை எழுவாய் இடத்துக்கு நகர்த்துவதுதான் பாஸிவ் வாய்ஸ். ‘விபத்து நடந்தது’ என்பதில் ‘எதை நடந்தது?’ என்று கேட்கவே முடியாது. நகர்த்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதனால் ‘தி ஆக்சிடென்ட் ஹேப்பன்ட்’, அவ்வளவுதான். ‘டை’ (இறப்பது), ‘அரைவ்’ (வந்து சேர்வது), ‘டிஸ்அப்பியர்’ (மறைவது) எல்லாம் இதே வகை.

அப்புறம் ‘ஐ வாஸ் பார்ன்’ மட்டும் எப்படி என்று தோன்றும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தமிழில் நாம் ‘பிறக்கிறோம்’. ஆங்கிலத்திலோ ‘பார்ன்’ என்பது ‘பேர்’ (bear) என்ற வினையிலிருந்து வந்தது; அந்த வினைக்குப் பெற்றெடுப்பது என்று ஒரு பொருள் உண்டு. அம்மா யாரைப் பெற்றாள்? என்னை. ஆக, நான் ‘பெறப்பட்டேன்’!

உங்கள் கடிதத்தில் அந்த ஒரு ‘வாஸ்’ஐ மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.