நெல் வைக்கோல் ரோல் கட்டுகளைக் கொட்டகை இல்லாமல் வெட்டவெளியில் அடுக்கினால் மழையில் கெடாமல் எப்படிக் காப்பது?

தார்ப்பாய் வாங்கும் முன் தரையைப் பாருங்கள். நல்ல படுதா போட்டும் அழுகிவிட்டது என்பவர்கள் பெரும்பாலும் கட்டுகளை மண்மேல் நேராக அடுக்கியிருப்பார்கள். மண் ஈரத்தை அடிவரிசை உறிஞ்சும், சணல் கயிறு இற்றுப்போகும், கட்டைத் தூக்கினால் கையோடு பிரிந்துவரும்.

டிராக்டர் பேலர் (வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் மிஷின்) போடும் சிறிய ரோல் சுமார் 2 அடி விட்டம், 3 அடிக்குச் சற்றுக் கூடுதல் நீளம். 60 செ.மீ. விட்டத்தில் வெளிச்சுற்று 5 செ.மீ. கெட்டாலே கட்டில் 30 சதவீதம் போச்சு. கையால் வேய்ந்த போரில் வைக்கோல் தாள் சரிவாகக் கிடப்பதால் மழை வழிந்துவிடும். அறுவடை மிஷினில் அடிபட்டுச் சுருண்ட தாள் அப்படி வடிக்காது, உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆகவே போரை விட்டதுபோல ரோலை மூடாமல் விடாதீர்கள்.

கட்டும்போதே ஈரம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாளின் கணுவை நகத்தால் கீறுங்கள். பிசுபிசுத்தால் இன்னும் காயவில்லை. தை மாத அறுவடையில் பனி காயும் வரை பேலரை வயலில் விடாதீர்கள், வாடகை மிஷின்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

மேடான இடத்தில் ஹாலோ பிளாக்கைப் படுக்கவைத்து, மேலே சவுக்குக் கழி பரப்புங்கள். அரை அடியாவது உயரம் வேண்டும். சுற்றிலும் ஒரு வடிகால் வெட்டிவிடுங்கள். ரோல்களைப் படுக்கவைத்து 4, 3, 2, 1 என்று கூம்பாக அடுக்கினால் தண்ணீர் எங்கும் தேங்காது. 100 கட்டுக்கு 8 அடி அகலம், 33 அடி நீளம் பிடிக்கும். 18க்கு 40 அடி தார்ப்பாய் போதும். வெயில் தாங்கும் யுவி பூச்சு உள்ளதாக, 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) குறையாமல் வாங்குங்கள். மலிவான நீலப் பாய் ஒரு கோடையில் பொடிந்துவிடும்.

அதிகம் பேர் தவறுவது மூடுவதில்தான். தரைவரை இழுத்து இறுக்கினால் உள்ளிருக்கும் ஆவி பாயின் அடியில் வேர்த்துச் சொட்டி, மேல்வரிசையில் பூசணம் பிடிக்கும். அடியில் ஓரடி திறந்திருக்கட்டும். உச்சியில் கல் வைக்காதீர்கள்; குழி விழுந்து நீர் தேங்கும், பாய் கிழியும். கயிற்றைக் குறுக்கே போட்டு இரு முனையிலும் மணல் மூட்டை தொங்கவிடுங்கள். மழை விட்டு வெயில் அடித்தால் ஒரு பக்கப் பாயைச் சுருட்டிவிடுங்கள்.

முதல் மூன்று வாரம் கடப்பாரையை ரோல் அடுக்குக்குள் சொருகி, கால் மணி கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே ஈரம் வேகிறது. பிரிக்கும்போது காற்றுப் பட்டுத் தீப்பிடிக்கலாம், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு பிரியுங்கள். பூசணம் பிடித்த பகுதியை மாட்டுக்குப் போடாமல் எருக்குழியில் தள்ளுங்கள்.