மெயின்ஃப்ரேம் கன்சோலில் யாருக்கு எந்த எச்சரிக்கை? - கேள்வி பதில்

ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் இயங்குதளம் இசட்/ஓஎஸ். அதன் கன்சோலில் (மெசேஜ் பார்த்து கமாண்ட் கொடுக்கும் திரையில்) தனிப்பட்ட பயனருக்கு எச்சரிக்கைத் திரை அமைப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

சார், டிஎஸ்ஓவில் (பயனர் லாகின் செய்து வேலை செய்யும் இடம்) கன்சோல் செஷன் திறக்கிறது. ஆனால் ஒரு மெசேஜ்கூட வருவதில்லையே?

ராக்ஃப் என்ற பாதுகாப்பு மென்பொருளில் உங்கள் ஐடிக்கு ஆப்பர்பார்ம் செக்மென்ட் (கன்சோல் அமைப்புகள் இருக்கும் பகுதி) இருக்கிறதா என்று லிஸ்ட்யூசர் கமாண்டில் பாருங்கள். இல்லையென்றால் ரவுட்கோடு (எந்த வகை மெசேஜ் எந்தத் திரைக்கு என்று பிரிக்கும் எண்) 'நன்', அதாவது எதுவும் இல்லை, ஆத் (கமாண்ட் கொடுக்கும் அதிகாரம்) 'இன்ஃபோ', அதாவது தகவல் பார்க்க மட்டும் என்றே சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். திரை திறக்கும், உங்கள் கமாண்டுக்குப் பதிலும் வரும். ஆனால் ரவுட்கோடு பார்த்து அனுப்பப்படும் எச்சரிக்கை எதுவும் உங்களிடம் வராது. ஆல்ட்யூசர் கமாண்டில் ரவுட்கோடு சேர்த்த பிறகு செஷனை முடித்து மறுபடி திறங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனில் மாற்றம் தெரியாது.

அப்படியானால் ரவுட்கோடு 'ஆல்' போட்டுவிடலாமா? எதுவும் தவறாதே?

தயவுசெய்து வேண்டாம். தவறுவது அங்கேதான். ஐஈஎஃப்238டி என்ற மெசேஜை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜாபுக்கு வேண்டிய டிவைஸ் கிடைக்கவில்லை, டிவைஸ் பெயரைச் சொல் அல்லது கேன்சல் செய் என்று கேட்கும். கடைசி எழுத்து 'டி' (D) என்றால் ஆப்பரேட்டர் முடிவெடுக்க வேண்டும். பதில் வரும்வரை அந்த ஜாப் அப்படியே நிற்கும். 'ஐ' என்று முடியும் வெறும் தகவல்கள் வரிசையாக ஓடும் திரையில் இந்த ஒரு வரியை யார் கவனிப்பார்கள்?

ரவுட்கோடுகளை அவரவர் வேலையைப் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள். ஷிஃப்ட் ஆப்பரேட்டருக்கு 1 கட்டாயம், உடனே செய்ய வேண்டியவை அதில்தான் வரும். 2 தகவல். டேப் பார்ப்பவருக்கு 3, 5. டிஸ்க் பார்ப்பவருக்கு 4, 6. பாதுகாப்புக் குழுவுக்கு 9. சிஸ்டம் புரோகிராமருக்கு 10. புரோகிராமர்களுக்கான 11 ஆப்பரேட்டர் திரையில் எதற்கு? 13 முதல் 20 வரை நிறுவனங்களின் சொந்த உபயோகத்துக்கு விடப்பட்டவை. உங்கள் ஆட்டோமேஷன் எச்சரிக்கைகளுக்கு அதில் ஒன்றை ஒதுக்கினால், அதை மட்டும் காட்டும் திரையைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

எங்கள் ஆப்பரேட்டர் எல்லோருக்கும் ஆத் 'மாஸ்டர்' (மிக உயர்ந்த அதிகாரம்) இருக்கிறது. ஆபத்தா?

ராக்ஃபில் ஆப்பரேட்டர் கமாண்டுகளுக்கான ஆப்பர்சிஎம்டிஎஸ் கிளாஸ் ஆக்டிவாக இருந்து, கொடுக்கும் கமாண்டுக்குப் புரொஃபைலும் (யாருக்கு அனுமதி என்ற விதி) இருந்தால் ராக்ஃப் சொல்வதுதான் முடிவு. புரொஃபைல் இல்லாத கமாண்டுக்குத்தான் ஆத் பார்க்கப்படும். அதனால் முதலில் ஆப்பர்சிஎம்டிஎஸ் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். அப்புறம் ஆத்தைக் குறையுங்கள். வெறுமனே பார்ப்பவருக்கு 'இன்ஃபோ' போதும்.

ஒரே திரையில் நான்கு சிஸ்டம். எது எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை.

மெசேஜ் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் எம்ஃபார்மில் டி (T), எஸ் (S), ஜே (J) மூன்றும் கொடுங்கள். நேரம், சிஸ்டம் பெயர், ஜாப் பெயர் மெசேஜுக்கு முன்னால் வரும். நான்கும் உங்கள் பொறுப்பு இல்லையென்றால் எந்தெந்த சிஸ்டத்தின் மெசேஜ் வேண்டும் என்று சொல்லும் எம்ஸ்கோப்பில் உங்களுடையதை மட்டும் எழுதுங்கள். அதன் டிஃபால்ட் எல்லா சிஸ்டமும்தான்.

தொல்லை தரும் ஒரு மெசேஜை எம்பிஎஃப் பட்டியலில் (மெசேஜைத் திரைக்கு வராமல் தடுக்கும் பட்டியல்) அடக்கினால் ஆடிட்டில் கேள்வி வருமா?

திரையில் வராதே தவிர, ஹார்ட்காப்பி லாகில் (சிஸ்டம் மெசேஜ்களின் பதிவேட்டில்) பதிவாகும். ஆனால் எம்பிஎஃப் ஒருவருக்கானது இல்லை, அந்த சிஸ்டத்தின் எல்லாக் கன்சோலுக்கும் பொருந்தும். ஒருவருக்கு மட்டும் வேண்டாம் என்றால் அவர் ரவுட்கோடில் கைவையுங்கள். 'ஏ' (A, ஆப்பரேட்டர் ஏதாவது செய்ய வேண்டியது) அல்லது 'டி' (D) என்று முடியும் எதையும் எம்பிஎஃப்பில் அடக்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல ஆட்டோமேஷன் இருந்தால் தவிர.