சரளை நிலம் செத்த நிலமா? பகாவ் வட்டாரத்தார் கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாட்டுக்குப் போய் உறவினர்களைப் பார்த்துவிட்டு மலேசியாவின் நெகிரி செம்பிலானுக்குத் திரும்பி வந்த நம் பகாவ் வட்டாரத்தார் சிலர், காங்கேயம், தாராபுரம் பக்கம் கண்ட மேய்ச்சல் நிலங்களைப் பற்றிக் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காக மண்குழி வெட்டிப் பார்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. கொங்கு நாட்டு மேட்டு நிலங்களையும் பார்த்திருக்கிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அங்கே நிலம் வைத்திருப்பவர்கள் மேலே கிடக்கும் கல்லைப் பொறுக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பகாவ்): ஐயா, எவ்வளவு கல் இருந்தால் அதைச் சரளை மண் என்று சொல்லலாம்?

2 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பதுதான் மண். 2 முதல் 75 மி.மீ. வரை சரளை. அதற்கு மேல் போனால் கல், பாறைத்துண்டு என்று வேறு பெயர்கள். மொத்தக் கன அளவில் 15 விழுக்காட்டைத் தாண்டினால் சரளை மண் என்போம். 35-ஐத் தாண்டினால் மிகுசரளை. மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமானால் தேயிலை வடிகட்டி போதாது அம்மா; 2 மி.மீ. கண்ணுள்ள சல்லடை ஒன்று வாங்குங்கள்.

கேள்வி (செர்த்திங்): அங்கிள், காங்கேயத்தில் என் அத்தை வீட்டு நிலம் முழுக்கக் கல். அதில் எப்படிப் புல் வளர்கிறது? மாடுகளும் கொழுத்துத்தான் இருக்கின்றன.

நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காங்கேயம் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் விழுகிறது. வெயிலும் காற்றும் உறிஞ்சக்கூடிய நீரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பாதிக்குக் கீழ் மழை கிடைக்கும் நிலத்தை அரை வறண்ட நிலம் என்கிறோம். காங்கேயம் அதற்குள் அடங்கும்.

இனி மண்ணுக்கு வருவோம். மணல் கலந்த செம்மண், ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 100 மி.மீ. நீரைச் செடிக்காகப் பிடித்து வைக்கும். கெட்டியான வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) நீரைப் பிடிக்காது. ஆகவே பாதி கல் என்றால் 50 மி.மீ.தான் மிஞ்சும். மேட்டு நிலத்தில் அரை மீட்டரிலேயே பாறை தட்டும் இடங்கள் உண்டு. அங்கே இருப்பு 25 மி.மீ. நாளுக்கு 5 மி.மீ. போனால் ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். பார்ப்பவர்கள் இந்தக் கணக்கோடு நின்றுவிட்டு, பயனற்ற மண் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 10 மி.மீ. தூறல் ஒன்று விழுகிறது. காய்ந்த களிமண்ணில் அது மூன்று, நான்கு சென்டிமீட்டர் இறங்கும். மறுநாள் வெயில் அதைக் கொண்டுபோய்விடும். பாதி கல் உள்ள செம்மண்ணில் நீருக்கு இடம் குறைவு என்பதாலேயே அது 20 செ.மீ. வரை இறங்குகிறது. வெயிலுக்கு எட்டாத ஆழம் அது, புல்வேருக்கு எட்டும். கரிசலில் செடி துளிர்க்கப் பெருமழை வேண்டும். சரளையில் ஒரு நல்ல தூறல் போதும். அங்கே மேய்ச்சல் நிலங்களில் நிற்கும் கொழுக்கட்டைப் புல், காய்ந்து தட்டையான பிறகும் தூரில் உயிரை வைத்திருந்து, ஈரம் பட்ட சில நாட்களில் தழைத்துவிடும். இடையிடையே நிற்கும் வெள்வேல மரம் கோடையில் காயை உதிர்த்து மாட்டுக்கு உணவு தருகிறது. சுற்றிலும் கிளுவை வேலி. கொரங்காடு என்று அவர்கள் சொல்லும் அந்த அமைப்பு முழுவதும் இந்தக் கல்மண்ணை அறிந்து உருவானது. சீக்கிரம் பசுமை, சீக்கிரம் வறட்சி. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் உயிர்கள்தான் அங்கே இருக்கின்றன.

கேள்வி (ஜெலுபு): எங்கள் ஊர்தான் மலேசியாவிலேயே மழை குறைந்த இடம். இங்கும் அதே நிலைதானே?

இல்லை. ஜெலுபுவிலும் ஆண்டுக்குச் சுமார் 1,600 மி.மீ. பெய்கிறது. காங்கேயத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

கேள்வி (ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது தோட்டக் கங்காணி, ரொம்பின்): தம்பி, நீங்கள் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். சரளையில் நட்ட செம்பனை வாடி நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான். பக்கத்துப் பிளாக்கில் குலை தள்ளும், சரளைப் பிளாக்கில் மட்டை தொங்கும். சரளை என்றால் செத்த மண்.

அண்ணே, நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் நீங்கள் பார்த்த சரளை வேறு, காங்கேயத்துச் சரளை வேறு.

நம் தோட்டங்களில் மலாக்கா வகை மண் என்று குறிப்பது செம்புரைச் சரளை, லேட்டரைட். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஆய்வு செய்த பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் அங்காடிப்புரத்தில் பார்த்துப் பெயரிட்டு, 1807-இல் வெளியான நூலில் பதிவுசெய்த அதே இனம். மலாக்கா கோட்டை வாசலிலும் இந்தக் கல் இருக்கிறது. பெருமழை, மண்ணிலிருந்த சுண்ணாம்பையும் சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) கரைத்துக் கொண்டுபோய்விட, மிஞ்சிய இரும்பு திரண்டு உருண்டையாக இறுகுகிறது. அந்த மண் புளிப்பு. அமிலகாரக் குறியீடு (pH) 4, 5 என்று நிற்கும். போடுகிற பாஸ்பேட்டை இரும்பு கட்டிப் பிடித்துக்கொள்ளும். சரளை அடுக்கு நெருக்கமாக இருந்தால் வேரும் இறங்காது. செம்பனையோ மாதம் தவறாமல் நீர் கேட்கும் மரம். சனவரி, பிப்ரவரியில் நெகிரி செம்பிலானில் மழை குறையும்போது முதலில் வாடுவது சரளைப் பிளாக்தான். மட்டையை வரிசையாக அடுக்குவதும், எண்ணெய் ஆலையிலிருந்து பழம் நீக்கிய வெறுங்குலை கொண்டுவந்து பரப்புவதும், உரத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுவதும் அதற்காகத்தான்.

காங்கேயத்தில் கல் இரும்பு உருண்டை இல்லை. அடிப்பாறை உடைந்த துண்டும் வெங்கச்சாங்கல்லும்தான். மழை குறைவாதலால் சத்துகள் கரைந்து ஓடவில்லை. மண் நடுநிலையாகவோ சுண்ணாம்புப் பக்கமாகவோ இருக்கிறது. குறியீடு 7-க்கு மேல், 8.5 வரை. சுண்ணாம்புச் சத்துக்குப் பஞ்சமே இல்லை. தழைச்சத்தும் மட்கிய பொருளும்தான் குறைவு. அந்தச் சுண்ணாம்பில் மேய்ந்துதான் காங்கேயம் மாட்டுக்கு உறுதியான எலும்பு வருகிறது என்று அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள்.

நீர் வடிவது இரண்டுக்கும் பொது. மற்ற பலவற்றில் இரண்டும் எதிரெதிர்.

கேள்வி (பத்து கிக்கிர்): பூந்தொட்டியின் அடியில் சரளை போட்டால் நீர் நன்றாக வடியுமா?

வடியாது. மேலே உள்ள மண்ணின் அடிப்பகுதி நீரால் நிறையும்வரை நீர் சரளைக்குள் இறங்காது. தொட்டி முழுக்க ஒரே கலவையாக நிரப்புங்கள்.

கேள்வி (பகாவ்): அண்ணன் தாராபுரம் பக்கம் நான்கு ஏக்கர் வாங்கியிருக்கிறார். இயந்திரம் விட்டுக் கல்லை எல்லாம் எடுத்துவிட்டு மாட்டுக்குப் புல் போடப் பார்க்கிறார். ஏக்கருக்கு எவ்வளவு செலவாகும்?

செலவைக் கேட்காதீர்கள், முதலில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தச் செம்மண்ணில் மழைத்துளி நேராக விழுந்தால் மேற்பரப்பு சேறாகிக் குழைந்து, காய்ந்ததும் ஓடுபோல் இறுகிவிடும். அடுத்த மழை அந்த ஓட்டின் மேல் ஓடிப் பள்ளத்துக்குப் போகும். போகும்போது பொடிமண்ணையும் கொண்டுபோகும். மேலே கிடக்கும் கல் அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. கல்லுக்கடியில் ஈரம் நெடுநேரம் நிற்கிறது, புல்விதையும் அங்கேதான் ஒதுங்கி முளைக்கிறது. மேல்மண்ணே ஒரு சாண்தான் இருக்கும் நிலத்தில் இயந்திரம் கல்லோடு மண்ணையும் சேர்த்து வாரிவிடும். அது இந்தத் தலைமுறையில் திரும்பி வராது.

கேள்வி (மண்டோர், ரொம்பின்): அப்படியானால் அங்கே பெரியவர்கள் கல் பொறுக்கி வரப்புக் கட்டியது ஏன்? அவர்களுக்குத் தெரியாதா?

நன்றாகத் தெரியும் அண்ணே. ஏர் ஓடும் சோளக்காட்டில், கொழு மாட்டும் பெரிய கல்லைத்தான் எடுத்தார்கள். அதைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கி, ஓடும் மண்ணைத் தடுத்தார்கள். சின்னச் சரளையை யாரும் தொடவில்லை. ஏர் ஓடாத மேய்ச்சல் நிலத்தில் பெரிய கல்லையும் விட்டுவைத்தார்கள்.

கேள்வி (குவாலா பிலா): மண்டோர் சொல்வதுதான் சரி. எங்கள் பெரியப்பா கல்லை எடுத்த நிலத்தில் மக்காச்சோளம் அருமையாக விளைகிறது.

கிணறு இருக்கிறதா? சொட்டுநீர் போட்டிருக்கிறாரா? அதை எழுதவில்லையே. நீர் பாய்ச்சி, உழுது, எருவிட்டு விளைவிப்பது வேறு பேச்சு. நான் பேசுவது வானத்தை மட்டும் நம்பியிருக்கும் மேய்ச்சல் நிலத்தை.

கேள்வி (மண்டோர், ரொம்பின்): ஒன்று கேட்கிறேன். தார் போட்டதுபோல் கல் பதிந்து கிடக்கும் இடத்தில் நீர் இறங்காமல் ஓடுவதை நானே பார்த்தேன். அங்கே கல்தானே குற்றவாளி?

இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். கல் மேலே தளர்வாகக் கிடந்தால் நீர் அதன் ஓரமாக உள்ளே இறங்கும். இறுகிய மண்ணோட்டுக்குள் கல் பதிந்துவிட்டால் அது நீரை வழியவைக்கும். ஒரே கல், இரண்டு விளைவு. ஆனால் கல் ஏன் பதிந்தது? நிலம் தாங்கும் அளவுக்கு மேல் ஆடுமாடுகளை விட்டார்கள், புல் தூரோடு போயிற்று, ஈர மண்ணைக் குளம்பு மிதித்தது. அந்தக் கல்லைப் பெயர்த்தால் அடியிலிருக்கும் மண்ணும் ஓடாக இறுகும். நிலத்தை அடைத்து மழைக்காலம் முழுவதும் ஓய்வு கொடுங்கள். சரிவுக்குக் குறுக்கே ஒருமுறை மட்டும் ஆழக் கீறிவிட்டுப் புல்விதையும் சாணமும் போடுங்கள். நீங்கள் பார்த்த இடத்தில் புல் இருந்ததா அண்ணே? இருந்திருக்காது.

கேள்வி (செர்த்திங்): கல்லை எடுத்தால் புல் அதிகம் வளருமா?

மேலே உள்ள பதில்களைப் படியுங்கள்.

கேள்வி (குவாலா பிலா): கோவையில் மண் பரிசோதனை செய்தோம். சாம்பல் சத்து "அதிகம்" என்று வந்திருக்கிறது. உரம் வேண்டாமா?

இந்த எச்சரிக்கையை நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். ஆய்வகம் மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததைத்தான் சோதிக்கிறது. கல்லை ஒதுக்கிவிடும். பிறகு ஒரு ஹெக்டேரின் மேல்மண்ணை ஏறக்குறைய 20 லட்சம் கிலோ என்று வைத்துப் பெருக்கி, ஹெக்டேருக்கு இத்தனை கிலோ சத்து என்று எழுதுகிறது. அந்த மேல்மண்ணின் எடையில் பாதி கல்லாக இருந்தால் சத்தும் ஏறக்குறைய பாதிதான். தாளில் 300 என்றால் நிலத்தில் 150. மாதிரி எடுக்கும்போதே வாளிமண்ணை எடை போட்டு, சலித்த பிறகு கல்லைத் தனியே எடை போட்டு, அந்த விகிதத்தை ஆய்வகத்துக்கு எழுதிக் கொடுங்கள். கல்லை வயலிலேயே உதறிவிட்டு நல்ல மண்ணை மட்டும் பையில் போடுகிறவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

கேள்வி (பகாவ்): நிலத்தில் வெள்ளையாகப் பளபளக்கும் கல் கிடைத்தது. விலை போகுமா?

பெரும்பாலும் வெங்கச்சாங்கல், விலை இல்லை. ஆனால் காங்கேயத்தை அடுத்த படியூரில் நீலப்பச்சைக் கல் தோண்டியிருக்கிறார்கள், நொய்யல் கரையில் கொடுமணலில் பழங்காலத்துக் கல்மணிப் பட்டறைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஆகவே நிறமுள்ள கல்லாக இருந்தால் கல் அறிந்தவரிடம் காட்டுங்கள். மண்ணாய்வாளரிடம் வேண்டாம்.

கேள்வி (பத்து கிக்கிர்): அரை மீட்டர் தோண்டினால் சுண்ணாம்புக் கட்டிபோல் வருகிறது. யாரோ கொட்டினார்களா?

யாரும் கொட்டவில்லை. அது சுக்கான்கல். மழைநீர் மேலே சுண்ணாம்பைக் கரைத்து இறங்குகிறது. இறங்கிய நீர் வற்றும் இடத்தில் சுண்ணாம்பைப் போட்டுவிட்டுப் போகிறது. மழை குறையக் குறைய இந்த அடுக்கு மேலே வரும். வினிகர் விட்டால் நுரைக்கும். தளர்ந்த கட்டிகளாக இருந்தால் வேர் இடைவெளியில் நுழைந்துவிடும். பலகைபோல் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் உங்கள் மண்ணின் அடிமட்டம். நம் மலாக்கா வகை மண்ணில் இது வரவே வராது. அவ்வளவு மழையில் சுண்ணாம்பு தங்காது.

கேள்வி (ஜெலுபு): வீட்டு முருங்கைக்கு என்ன உரம்?

அருகிலுள்ள விவசாய இலாகாவில் கேளுங்கள். இங்கே மேய்ச்சல் நிலம் மட்டும்.

கேள்வி (பகாவ்): சிறு கல்லை மட்டும் பொறுக்கலாமா?

கூடாது.

கேள்வி (செர்த்திங்): அத்தை நிலத்தைப் பற்றிக் கேட்டவன்தான் அங்கிள். அத்தைக்கு என்ன சொல்லட்டும்? மழை பெய்ததும் மாட்டை உள்ளே விடலாமா?

துளிர் வந்த உடனே விடக்கூடாது. சரளையில் பசுமை சீக்கிரம் வருவதால் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். அந்த முதல் துளிர் தூரில் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்து வந்தது. அதையும் மேய்ந்துவிட்டால் அடுத்த தூறலுக்குத் தழைக்கப் புல்லிடம் ஒன்றும் இருக்காது. கதிர் எட்டிப் பார்க்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். நிலத்தை வேலியால் பிரித்திருந்தால் ஒன்றை மேய்த்து மற்றதை அடைத்து வைக்கட்டும். விதை உதிர்ந்த பிறகு, நின்று காய்ந்த புல்லைக் கோடையில் மேயவிடலாம். மழைக்காலம் தொடங்கும் முன் தூருக்கு மேல் நான்கு விரல் உயரமாவது புல் நிற்க வேண்டும்.