வாசகர் கேள்வி – பதில்: பப்புக்குப் போகலாமா?

நுவரெலியாவில் மழைக்கு ஒதுங்கிய ஒரு மாலையில், அயர்லாந்து பாணியில் நடத்தப்படும் சிறிய பப் ஒன்றில் வயிறாரச் சாப்பிட்டதைப் பற்றிக் கடந்த இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு வந்து சேர்ந்த கடிதங்கள் என் மேசையின் பாதியை அடைத்துக்கொண்டிருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். கொழும்பில் வேலை செய்யும் மகள், விடுமுறையில் வரும்போது நீங்கள் எழுதியதைப் போன்ற ஓர் இடத்துக்கு என்னைச் சாப்பிட அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். குடிக்கிற இடத்துக்குப் பெண்கள் போகலாமா? நாலு பேர் என்ன சொல்வார்கள்? – வாசகி, ஹட்டன்

தாராளமாகப் போய் வாருங்கள், அம்மா. அந்த நாலு பேரில் மூன்று பேர், அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் உங்களிடம் கேட்கப்போகிறார்கள்.

உங்கள் கேள்வியை அயர்லாந்துப் பெண்களும் நெடுங்காலம் சுமந்திருக்கிறார்கள். அங்குள்ள பழைய பப்களில் ‘ஸ்னக்’ என்று ஒரு சிற்றறை இருக்கும். மரத்தடுப்பும் கதவும் கொண்ட அந்த அறையிலிருந்து பரிமாறும் மேசைப் பக்கம் ஒரு சிறு சாளரம் மட்டுமே திறக்கும். ஊர்க்கண்ணில் படாமல் ஒரு வாய் குடிக்க விரும்பிய பெண்களும், பாதிரியார்களும், பொலிஸ்காரர்களும் அதற்குள் அமர்ந்துகொள்வார்கள். 1970களில்கூட டப்ளின் நகரத்துப் பப்கள் சிலவற்றில் பெண்களுக்கு ஒரு முழுப் பைன்ட் (அரை லீட்டருக்குச் சற்று அதிகமான பெரிய கிளாஸ்) பியர் ஊற்றிக் கொடுக்க மாட்டார்கள். இதைப் பொறுக்காத பத்திரிகையாளர் நெல் மெக்காஃபர்ட்டி, முப்பது பெண்களுடன் ஒரு பப்புக்குள் நுழைந்து முப்பது கிளாஸ் பிராந்தி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு ஒரேயொரு பைன்ட் பியர் கேட்டு, அது மறுக்கப்பட்டதும் பிராந்திக்கும் பணம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்த கதையை அங்கே இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

நம் நாட்டில், பெண்களுக்கு மது விற்பதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டின் கட்டளையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார்; சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் செய்தார். நீங்கள் போவது ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவதற்கு என்பதால், அந்தக் கட்டளைக்கும் உங்கள் இரவுச் சாப்பாட்டுக்கும் தொடர்பில்லை. கணப்படுப்புக்கு அருகில் இடம் கேட்டு அமருங்கள். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டால் ஜின்ஜர் பியர் என்று சொல்லுங்கள். பெயரில்தான் பியர், உள்ளே இஞ்சியும் சீனியும் சோடாவுமே. ஆனால் ‘ஐரிஷ் கோப்பி’ என்று எழுதியிருப்பதைக் கோப்பிதானே என்று நினைத்துக் கேட்டுவிட வேண்டாம். அதில் விஸ்கி ஊற்றப்பட்டிருக்கும்.

பப், பார், தவறணை எல்லாம் ஒன்றுதானே? எதற்கு இத்தனை பெயர்? – வாசகர், கண்டி

மூன்றிலும் மது விற்கப்படுகிறது என்ற அளவில் ஒன்றுதான். ஆனால் பப் என்பது ‘பொது வீடு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். அந்தப் பெயரிலுள்ள ‘வீடு’ என்ற சொல்லைத் தள்ளிவிட்டால் மீதியைப் புரிந்துகொள்ள முடியாது. அயர்லாந்தின் சிற்றூர்களில் ஒரே ஆள் முன்பக்கத்தில் மாவும் தேயிலையும் விற்று, பின்பக்கத்தில் பியர் ஊற்றிக் கொடுத்த கடைகள் ஏராளமாக இருந்தன. அடைமழை நாளில் தங்கள் வீட்டில் விறகு தீர்ந்தவர்களும், பேச ஆளில்லாதவர்களும், வயலின் வாசிக்கத் தெரிந்தவர்களும் அங்கே வந்து கூடினார்கள். நம் தவறணையில் மனிதன் நின்றுகொண்டே குடித்துவிட்டு வெளியேறுகிறான். நல்ல பப்பில் அவன் அமர்கிறான், சாப்பிடுகிறான், பக்கத்து மேசைக்காரருடன் மழையைப் பற்றிப் பேசுகிறான். நுவரெலியாவில் பேசுவதற்கு மழை எப்போதும் இருக்கிறது.

நான் கிழங்கு பயிரிடுபவன். அந்த நாட்டுச் சாப்பாடு பெரும்பாலும் உருளைக்கிழங்குதான் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் சமைக்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். – வாசகர், வெலிமடை

உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் உள்ள கதை உங்களுக்கு மற்றவர்களைவிட நன்றாக விளங்கும். பனியும் ஈரமும் கூடிய நாட்களில் செடியின் இலை கறுத்துக் கருகி, கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகும் ஒரு நோய்க்கு நீங்கள் மருந்து தெளிக்கிறீர்கள் அல்லவா? அதே நோய் 1845இல் அயர்லாந்தில் இறங்கியபோது, அங்குள்ள ஏழைக் குடியானவர்களுக்குக் கிழங்கைத் தவிர வேறு உணவு இருக்கவில்லை. தொடர்ந்து வந்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். இன்னும் 10 இலட்சம் பேருக்கு மேல் கப்பலேறினார்கள்.

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் படம் பிடித்துக்கொள்ளும் கிரகரி வாவியின் பெயருக்குரியவர், இந்தக் கதைக்குள் வருகிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் வில்லியம் கிரகரி, அயர்லாந்தின் கால்வே பகுதியைச் சேர்ந்த நிலவுடைமைக் குடும்பத்தவர். பஞ்சம் உச்சத்தில் இருந்த 1847இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அவர் கொண்டுவந்த விதி ஒன்று, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் எவருக்கும் அரச நிவாரணம் கிடையாது என்று சொன்னது. கஞ்சிக்காக நிலத்தைக் கைவிடுவதா, நிலத்துக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போடுவதா என்று மக்களைத் தவிக்கவிட்ட அந்த விதியை, அயர்லாந்துக்காரர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். அவர் இங்கே ஆட்சி செய்த காலத்தின் கடைசியில்தான், சென்னை மாகாணத்தில் 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சம் நம் முன்னோர் பலரைக் கடல் தாண்டிக் கோப்பித் தோட்டங்களுக்கு விரட்டியது. அந்த வாவியிலிருந்து சிறிது தூரத்தில் அமர்ந்து ஆட்டிறைச்சியும் கிழங்கும் சேர்த்து வேகவைத்த ஐரிஷ் ஸ்டூ ஒரு கிண்ணம் சாப்பிட்டபோது, இரண்டு பஞ்சங்களும் அந்தக் கிண்ணத்துக்குள் கிடப்பதாகவே எனக்குத் தோன்றியது. அந்தக் கிண்ணத்தின் விலை, கொழுந்து பறிக்கும் ஒருவரின் ஒரு நாள் கூலியைவிட அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த ஸ்டூவின் சமையல். ஒரு கிலோ எலும்புடன் கூடிய ஆட்டிறைச்சி (கழுத்துப் பகுதி நல்லது), ஒன்றரைக் கிலோ உருளைக்கிழங்கு, அரைக் கிலோ வெங்காயம் எடுத்துக்கொள்ளுங்கள். கிழங்கில் பாதியை மெல்லிய வில்லைகளாகவும், மற்றப் பாதியைப் பெரிய துண்டுகளாகவும் வெட்டுங்கள். கனமான சட்டியின் அடியில் வில்லைகளைப் பரப்பி, அதன் மேல் இறைச்சி, வெங்காயம், உப்பு, மிளகுத்தூள், கடைசியாகப் பெரிய துண்டுகள் என்று அடுக்கி, பாதியளவு மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மூடி, மிக மெல்லிய தீயில் இரண்டு மணித்தியாலம் விட்டுவிடுங்கள். அடியிலுள்ள வில்லைகள் கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும். மேலே உள்ளவை உருக்குலையாமல் நிற்கும். லீக்ஸ் விளையும் ஊரில் இருக்கிறீர்கள், ஒரு பிடி நறுக்கிப் போட்டால் தவறில்லை. மிளகாய்த்தூள் மட்டும் வேண்டாம். போட்டால் அது நம் ஆட்டிறைச்சிக் கறி ஆகிவிடும்; அதுவும் நல்லதுதான், ஆனால் அது வேறு சாப்பாடு.

இதற்குத் தொட்டுக்கொள்ள ஈஸ்ட் சேர்க்காத சோடா ரொட்டி உண்டு. கோதுமை மா, உப்பு, அப்பச்சோடா ஆகியவற்றை மோர் விட்டுக் கையால் லேசாகச் சேர்த்தால் போதும்; அழுத்திப் பிசைந்தால் கல்லாகிவிடும். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து மாவை உப்பச் செய்கின்றன. அயர்லாந்தின் வடபகுதியில் இதை வட்டமாகத் தட்டி நான்காகக் கீறிக் கல்லிலேயே சுடுவார்கள். ஓவன் அடுப்பு இல்லாத லயத்து அடுப்படியில் நம் தாய்மார் தேங்காய்ப்பூ ரொட்டி சுடுவதும் இப்படித்தானே!

நாங்கள் மரக்கறி மட்டும் உண்பவர்கள். உடன் வரும் உறவினர்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள். எதைத் தவிர்க்க வேண்டும்? – ஆசிரியை, பதுளை

‘ஷெப்பர்ட்ஸ் பை’ என்றால் கொத்திய ஆட்டிறைச்சியின் மேல் மசித்த கிழங்கு. ‘கொட்டேஜ் பை’ என்றால் அதே முறையில் மாட்டிறைச்சி. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் சமையல்காரர்கள் உண்டு என்பதால் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ‘பிளாக் புடிங்’ என்பதைப் பெயரைப் பார்த்து இனிப்பு என்று எண்ண வேண்டாம். அது பன்றியின் இரத்தத்தில் செய்யப்படுவது. ‘கினஸ்’ என்ற கறுப்புப் பியரின் பெயர் சேர்ந்த இறைச்சி வகைகள் பெரும்பாலும் மாட்டிறைச்சியே, குழம்பில் பியரும் இருக்கும். உங்களுக்குப் பொருத்தமானது ‘கொல்கனன்’: மசித்த கிழங்கில் கோவாவோ வேறு கீரையோ கலந்து, நடுவில் குழி பறித்து வெண்ணெய் உருகவிட்டுத் தருவார்கள். ‘பொக்ஸ்டி’ என்ற கிழங்குத் தோசையும் கிடைத்தால் கேளுங்கள். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

அலுவலக நண்பர்கள் பிறந்தநாளுக்கு அழைக்கிறார்கள். அந்தக் கறுப்புப் பியர் ஏன் கறுப்பாக இருக்கிறது? ‘ரவுண்டு’ என்று மாறி மாறி வாங்கிக் கொடுக்க வேண்டுமாமே, என் சம்பளம் தாங்காது. – இளைஞர், தலவாக்கலை

கோப்பிக்கொட்டையை வறுப்பதுபோல் வாற்கோதுமையைக் கருக வறுத்துச் சேர்ப்பதால் ‘ஸ்டவுட்’ எனப்படும் அந்தப் பியர் கறுக்கிறது. டப்ளினில் ஆர்தர் கினஸ் என்பவர் 1759இல் ஒரு வடிசாலையை ஆண்டுக்கு 45 பவுண் குத்தகையில் 9,000 ஆண்டுகளுக்கு எழுதி வாங்கினார், அவ்வளவு நம்பிக்கை! நம் நுவரெலியாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பியர் வடித்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அயர்லாந்துப் பப்பில் ஊற்றித் தரும் ஸ்டவுட்டில் மதுசாரம் 4 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், நம் நாட்டு லயன் ஸ்டவுட்டில் 8 சதவீதத்துக்கும் மேல். அங்கே இரண்டு குடிப்பவரைப் பார்த்து இங்கே இரண்டு குடித்தால் கணக்கு பிழைக்கும். இருபத்தொரு வயது ஆகாதவருக்கு இங்கே மது விற்பது சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

ரவுண்டில் ஒருமுறை வாங்கிக் குடித்துவிட்டால், உங்கள் முறை வரும்போது நழுவுவது அயர்லாந்திலும் அவமரியாதை, தலவாக்கலையிலும் அவமரியாதை. ஆகவே முதல் கிளாஸ் வருவதற்கு முன்பே, ‘என்னுடையதை நானே பார்த்துக்கொள்கிறேன் மச்சான்’ என்று சிரித்தபடி சொல்லிவிடுங்கள். பில்லில் சேவைக் கட்டணமும் வற் வரியும் கூடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு சாப்பாட்டைத் தெரிவுசெய்யுங்கள்.

தோட்டப்புறங்களில் குடியால் எத்தனை குடும்பங்கள் சீரழிகின்றன! இந்த நிலையில் பப்பைப் பற்றி ரசித்து எழுதுவது உங்களுக்குத் தகுமா? – வாசகி, மஸ்கெலியா

உங்கள் கோபத்தை நான் மறுக்கவில்லை. சம்பள நாளன்று சாராயக்கடை வாசலில் நிற்கும் வரிசையையும், லயத்துக்குப் பின்னால் கசிப்பு விற்பவனுக்குக் கடன் வைத்தவனின் வீட்டில் அன்றிரவு எரியாத அடுப்பையும் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். பப்புகளின் நாடான அயர்லாந்தும் இந்தத் துயரத்தை அறியாததல்ல. கோர்க் நகரில் 1838இல் மத்தியூ பாதிரியார் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில், சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அந்நகரின் பிரதான வீதியில் அவருக்குச் சிலையும் வைத்தார்கள். 1898இல் தொடங்கிய இன்னொரு மதுவிலக்குச் சங்கத்தின் உறுப்பினர்கள், சட்டையில் சின்னம் அணிந்துகொண்டு பப்பிலேயே அமர்ந்து எலுமிச்சைச் சாறு குடிப்பதை அங்கே யாரும் விந்தையாகப் பார்ப்பதில்லை. நான் ரசித்தது சாப்பாட்டையும் கணப்பையும் பேச்சையும்தான். ஆனாலும், குடியால் அடிவாங்கிய ஒரு பெண் அந்த நான்கு வரிகளைப் படித்து முகம் சுளித்திருந்தால், அவர் பக்கம்தான் நியாயம்.

நான் கொழும்பிலும் டுபாயிலும் பார்த்த ஐரிஷ் பப்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்தனவே? – வாசகர், நாவலப்பிட்டி

அச்சில் வார்த்தவைதான். 1990களில் கினஸ் நிறுவனத்தின் ஆதரவுடன், பப்புகளை வடிவமைத்து மரச்சாமான்கள் முதல் சுவரில் மாட்டும் பழைய பெயர்ப்பலகை வரை கப்பலில் அனுப்பும் தொழிலே அயர்லாந்தில் வளர்ந்தது. நான் போன இடத்தில் சுவரில் தொங்கியது ஒரு பழைய கொழுந்துக்கூடை. அதனாலேயே அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனது.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா? எந்த நேரம், எந்த நாள் நல்லது? – வாசகர், புசல்லாவ

மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போங்கள். அயர்லாந்திலேயே பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோருடன் வந்தாலும் இரவு 9 மணிக்குப் பின், கோடைமாதங்களில் 10 மணிக்குப் பின், பப்பில் இருக்கக்கூடாது. போயா தினத்தில் மது விற்பனை இல்லை என்பதால், சமையலறை திறந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போனால், குடும்பத்தோடு அமைதியாகச் சாப்பிட அதைவிட நல்ல நாள் கிடையாது. வாகனம் ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொட வேண்டாம்; நான்கு மணிக்கே கிளம்பிவிடுங்கள், றம்பொடை வளைவுகளில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்கும் தெரியாது.