வாசகர் கேள்வி – பதில்: பூங்காவில் ஒரு தேடல்

கேள்வி: ஒளித்து வைத்த டப்பாவை ஜி.பி.எஸ். துணையோடு தேடும் 'ஜியோகேச்சிங்' விளையாட்டைப் பற்றி வெளிநாட்டிலிருந்து வந்த பேரன் சொல்லக் கேட்டேன். கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக நடேசன் பூங்காவில் இதை நடத்த ஆசை. ஊர் வரலாறும் அவர்கள் காதில் விழ வேண்டும். எப்படி அமைக்கலாம்?
– வாசகர், தியாகராய நகர்

பதில்: ஜி.பி.எஸ். சமிக்ஞையில் தான் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியதும், ஓரிரு நாளிலேயே டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். அங்கே பிறந்ததுதான் இந்த விளையாட்டு. மூடி இறுகிய டப்பா, கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுத ஒரு குட்டி நோட்டு, ஈரத்தில் கரையாத பென்சில், கையில் ஒரு கைப்பேசி ஆகியவை போதும்.

வரலாற்றைத் தனியே சொற்பொழிவாக நடத்தாமல், எண்களுக்குள்ளேயே புகுத்திவிடுங்கள் என்பதே என் யோசனை. உங்கள் பேட்டை ஏறக்குறைய வடக்கு 13 பாகை (டிகிரி) 2 கலை (மினிட், பாகையில் அறுபதில் ஒரு பங்கு), கிழக்கு 80 பாகை 14 கலையை ஒட்டி இருக்கிறது. கலைக்குப் பின் வரும் மூன்று தசம இலக்கங்கள்தான் சரியான இடத்தைச் சுட்டும். கடைசி இலக்கம் ஒன்று கூடினால் இடம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். அந்த இலக்கங்களில் சிலவற்றை மறைத்து, அவற்றின் இடத்தில் கேள்விகளைக் கொடுங்கள். பூங்காவுக்குப் பெயர் தந்த டாக்டர் சி. நடேச முதலியார், பின்னாளில் திராவிடர் சங்கமாக மாறிய அமைப்பைச் சென்னையில் தொடங்கியது 1912இல். ஆண்டின் கடைசி எண்ணை எடுத்தால் ஓர் இலக்கம் 2. அவரும் தியாகராயரும் டி.எம். நாயரும் சேர்ந்து நீதிக்கட்சிக்கு வித்திட்டது 1916இல், அடுத்தது 6. அதே கட்சியின் பனகல் அரசர் சென்னை மாகாண முதலமைச்சரானது 1921இல், அதிலிருந்து 1. வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவர்களுக்காகத் திருவல்லிக்கேணியில் விடுதி நடத்தியவர் நடேசனார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுகளைவிட அது மனத்தில் ஒட்டும்.

இன்னொரு துப்பு பூங்காவுக்கு வெளியே, ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்றொரு சாலை உண்டு. அங்கே நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஏரி தென்படாது. அங்கே பரந்திருந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் எழுப்பப்பட்டது. "தண்ணீர் எங்கே போயிற்று?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், மழைக்காலத்தில் உங்கள் தெருவில் தேங்குவதைக் காட்டலாம்.

கேள்வி: டப்பாவை மண்ணில் புதைக்கலாமா? மாநகராட்சியிடம் கேட்க வேண்டுமா?
– அதே வாசகர்

பதில்: புதைக்கக் கூடாது, பொதுவாக இந்த விளையாட்டில் அதுவே விதி. மாநகராட்சியின் பூங்காவில் எதை வைப்பதானாலும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். ஜவுளி வாங்க ஊரே திரளும் பேட்டையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி, வெடிகுண்டுப் பிரிவைத்தான் வரவழைக்கும். உள்ளிருப்பது தெரியும்படியான டப்பாவாக வாங்கி, மேலே இன்னது என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். தெரிந்த கடைக்காரரின் கல்லாவருகே வைத்தால் இன்னும் பத்திரம்.

அடர்ந்த மரத்தடியில் கைப்பேசியின் அம்புக்குறி சில மீட்டர் தள்ளாடும். ஆகவே "உட்காரும் இடத்துக்கு இடப்பக்கம்" என்பதுபோல ஒரு குறிப்பும் கொடுத்துவிடுங்கள். பரிசாகத் தின்பண்டம் வைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு முன்னே எறும்பு கண்டுபிடித்துவிடும்.