தெருவெல்லாம் காய்ச்சல்: நாலாயிரம் ரூபாய் டெஸ்ட் தேவையா?

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சல், இருமலோடு கிடக்கிறார். என் மகனுக்கு (9 வயது) இன்று மூன்றாவது நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெஸ்ட் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுக்கும் லேப் ஆள், 'நாலாயிரம் ரூபாய் பேனல் (ஒரே சாம்பிளில் பல கிருமிகளைப் பார்க்கும் டெஸ்ட்) எடுத்தால்தான் அரசின் நோய்க் கணக்கில் சேரும்' என்கிறார். எடுக்கலாமா?
- ஒரு வாசகி, சேலம்

வேண்டாம். அந்த டாக்டர் செய்தது சரி. ஃப்ளூவுக்கான மத்திய அரசு வழிகாட்டுதலில் லேசான காய்ச்சல், இருமல் 'ஏ' பிரிவு. கடுமையான காய்ச்சல், தொண்டை வலி 'பி'. இரண்டுக்கும் டெஸ்ட் கிடையாது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, அரைமயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலமாவது என்றால் 'சி'. அதற்குத்தான் டெஸ்டும் அட்மிஷனும்.

கணக்கில் சேர லேப் ரிப்போர்ட் அவசியமில்லை. காய்ச்சலும் இருமலும் என்று டாக்டர் ஓ.பி.யில் எழுதியதே 'P' படிவம் (டாக்டர்கள் நிரப்புவது; மேலே சொன்ன 'பி' பிரிவு வேறு) வழியாக அரசு இணையதளத்துக்குப் போகும். ஓர் ஊரில் எண்ணிக்கை திடீரென ஏறினால், சிலருக்கு மட்டும் தொண்டைச் சளி எடுத்து கிண்டி கிங் நிலையம் மாதிரியான ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் பானையே அரைப் பானைதான். தெருமுனை கிளினிக்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வருவதில்லை. எத்தனை மீட்டிங்கில் சொல்லியாயிற்று! 2025 ஜனவரியில் சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்று எச்எம்பிவி (சளி, இருமல் தரும் ஒரு வைரஸ்) செய்தி வந்ததும், புது வைரஸ் என்று ஊரே பதறியது. 2001-லேயே கண்டறிந்த வைரஸ் அது. டெஸ்ட் செய்த இடத்தில்தான் எண் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்து அந்த லேப் ஆள் 'வைடால்' (டைபாய்டுக்கான ரத்த டெஸ்ட்) எடுக்கச் சொல்வார், பாருங்கள். ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்ட முடியாது. நம் ஊரில் டைபாய்டு இல்லாதவருக்கும் ரிப்போர்ட்டில் 1:80 என்று, டைபாய்டு இருப்பதுபோல வரும். உடனே டிரிப்ஸ், ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஊசி, லேபுக்கும் கிளினிக்குக்கும் பங்கு. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு? 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்கச் சொன்னது.

ஒரு விலக்கு உண்டு. வீட்டில் கர்ப்பிணி இருந்து, அவருக்கும் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போகட்டும். லேசான காய்ச்சல்தானே என்று காத்திருக்கக் கூடாது. ஃப்ளூ வைரஸுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ரிப்போர்ட் வரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. 'வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மாத்திரையா' என்று மாமியார் தடுத்தாலும், டாக்டர் கொடுத்தால் போட்டே ஆக வேண்டும். மாத்திரையைவிட ஃப்ளூதான் அவருக்கு ஆபத்து.

பையன் வேகமாக மூச்சு வாங்கினாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ காட்டுங்கள். தெரு நிலவரத்தைச் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணில் சொல்லுங்கள். மாத்திரை போடாமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு பள்ளிக்கு அனுப்பினால் போதும், வருகைப் பதிவு குறைந்தாலும் பரவாயில்லை.