முதல் டிரையத்லானுக்கு முன் மனதை எப்படித் தயார் செய்வது? நேர்மறையாக நினைப்பது உண்மையிலேயே உதவுமா?

கேட்டவர் சொல்லியிருப்பது: இரண்டு வாரத்தில் முதல் ஒலிம்பிக் தூர டிரையத்லான். பயிற்சி நன்றாகவே போயிருக்கிறது. ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை, திறந்த நீரில் மூச்சு முட்டுவதுபோலவே நினைப்பு வருகிறது. நல்லதையே நினை என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இவ்வளவையும் முதல்முறை சேர்த்துச் செய்யப் போகிறவருக்குப் பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். அதுவும் இந்தக் கடைசி இரண்டு வாரம் எல்லோருக்குமே கஷ்டமானது. பயிற்சியைக் குறைத்துவிடுகிறோம், உடம்புக்கு ஓய்வு கிடைக்கிறது, மனசுக்கோ கவலைப்பட நேரம் கிடைத்துவிடுகிறது. முழங்காலில் இல்லாத வலிகூட இருப்பதாகத் தோன்றும். பல பந்தயங்களுக்கு முன் நானும் இப்படித் தவித்திருக்கிறேன். பயிற்சி வீணாகிவிட்டது என்று மட்டும் இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"நல்லதையே நினை" என்ற அறிவுரையை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். முடிவுக்கோட்டைச் சிரித்தபடி தாண்டுவதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தால், தண்ணீரில் முதல் உதை முகத்தில் விழுந்ததும் அந்தப் படம் கலைந்துவிடும். கப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஆசைப்பட்டது நடந்துவிட்டதாகக் கனவு மட்டும் கண்டவர்கள் முயற்சியில் தளர்ந்துபோனார்கள். ஆசையையும் அதற்கு வரும் தடையையும் சேர்த்து நினைத்துப் பார்த்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மைக்கேல் பெல்ப்ஸ் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீந்தும்போது அவருடைய நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து, கடைசியில் சுவரே தெரியவில்லை. கைவீச்சுகளை எண்ணியே நீந்தி முடித்து உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். எது கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்ப்பது அவருடைய வழக்கம். நமக்கும் தேவைப்படுவது இந்த மாதிரி நம்பிக்கைதான்.

அதனால் உங்கள் பயத்தை ஒதுக்கித் தள்ளாமல் அதன் உள்ளே போய்ப் பார்க்கலாம். நீச்சலின் முதல் சில நிமிடங்களில் உண்மையில் என்ன நடக்கிறது? ஹார்ன் அடிக்கிறது. எல்லோரும் ஒரே மிதவையை நோக்கிப் பாய்கிறார்கள். யாரோ உங்கள் காலைத் தொடுகிறார்கள், யாருடைய முழங்கையோ தோளில் இடிக்கிறது. தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, நீச்சல் குளத்தின் அடியில் பார்த்துப் பழகிய கோடு இல்லை. குளிர்ந்த நீராக இருந்தால் இன்னொன்றும் சேரும்: தோலில் குளிர் பட்டதும் மூச்சு தானாக வெடுக்கென்று உள்ளே இழுக்கும், பிறகு வேகவேகமாக வாங்கும். இது கோழைத்தனம் இல்லை, யாருடைய உடம்பும் அப்படித்தான் செய்யும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த ஓரிரு நிமிடத்தைக் கடக்க ஒரு வழி கைவசம் இருந்தால் போதும்.

என் வழி இது. அனுமதி இருந்தால் ஹார்னுக்கு முன்பே தண்ணீரில் இறங்கி முகத்தை நனைத்து, நீருக்குள் நீளமாக மூச்சு விட்டுப் பார்ப்பேன். கூட்டத்தின் நடுவில் நிற்காமல் ஓரத்தில், கொஞ்சம் பின்னால் நிற்பேன். இதனால் போகும் சில வினாடிகளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அப்படியும் மூச்சு முட்டினால் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்து, மூச்சை மெதுவாக வெளியே விடுவேன். உள்ளே இழுப்பது தானாக நடக்கும், விடுவதில்தான் கவனம் வேண்டும். அதுவும் போதாவிட்டால் பாதுகாப்புக்காகச் சுற்றிவரும் சிறு படகான கயாக்கையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு நிற்கலாம். அதைப் பிடித்தபடி முன்னேறாதவரை பொதுவாக விதிகள் இதை அனுமதிக்கின்றன. உங்கள் பந்தயத்திலும் அப்படித்தானா என்று விதிமுறை விளக்கக் கூட்டத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தப் பதில் காதில் விழுந்தாலே பயம் பாதி குறையும்.

இவற்றையெல்லாம் "இப்படி ஆனால், இப்படிச் செய்வேன்" என்று வாக்கியமாகவே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆராய்ச்சிக்கு அடிப்படை இதுதான்: எந்த நேரத்தில் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்துவிட்டால், அந்த நேரம் வரும்போது யோசித்துத் திணற வேண்டியதில்லை.

அப்புறம் தினமும் ஒரு பத்து நிமிடம் கண்ணை மூடிப் பந்தயத்தை ஓட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பதுபோல வேண்டாம், உங்கள் கண் வழியாகவே பாருங்கள். டிரான்சிஷனை, அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் கட்டத்தை, மட்டும் விரல் அசைவு வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம்: நீரிலிருந்து எழுந்ததும் தலை லேசாகச் சுற்றும், உங்கள் சைக்கிள் நிற்கும் வரிசையைக் கண்டுபிடிப்பீர்கள், ஹெல்மெட்டை மாட்டி வாரைப் பூட்டுவீர்கள், அதற்குப் பிறகுதான் சைக்கிளில் கை வைப்பீர்கள். வாரைப் பூட்டாமல் சைக்கிளை எடுத்தால் தண்டனை உண்டு, அதனால் இந்த வரிசை மனதில் ஊறிப்போக வேண்டும். முந்தைய நாளே அந்த இடத்தில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டால் மனதில் ஓடும் படம் இன்னும் தெளிவாகும். சைக்கிளுக்குப் பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பங்க்சர் ஆனால் ட்யூப் மாற்றத் தெரிந்திருக்கட்டும், நேரத்துக்குக் குடியுங்கள், சாப்பிடுங்கள்.

ஓட்டம் வேறு கதை. சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் உங்களுடையது இல்லாததுபோலக் கனக்கும். இது தெரியாமல் போகிறவர் "முடிந்தது, இனி என்னால் ஆகாது" என்று அங்கேயே மனம் விட்டுவிடுகிறார். முதல் கிலோமீட்டர் இப்படித்தான் இருக்கும், பெரும்பாலும் அதற்குப் பிறகு சரியாகிவிடும். இங்கேதான் நமக்கு நாமே பேசுவது நிஜமாகவே கைகொடுக்கிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்கு ஏற்ற ஊக்க வார்த்தைகளை இரண்டு வாரம் பழகியவர்கள், களைத்து நிறுத்தும்வரை சைக்கிள் மிதித்த நேரம் சுமார் 18 சதவீதம் கூடியது. வார்த்தை சின்னதாக, ஏதாவது செய்யச் சொல்வதாக இருக்கட்டும். நான் "தோளைத் தளர்த்து, சின்ன அடியா வை" என்று சொல்லிக்கொள்வேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மீதமிருக்கும் பயிற்சிகளிலேயே, களைப்பு வரும் நேரத்தில் சொல்லிப் பழகுங்கள்.

பந்தய நாள் காலையில் நெஞ்சு படபடக்கும். அதை அடக்கப் போராடாதீர்கள். அதே 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர், மேடையில் பேசப் போகிறவர்களை வைத்துச் சோதித்தார். அமைதியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, உற்சாகமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். பயத்துக்கும் உற்சாகத்துக்கும் படபடப்பு ஒன்றுதான், எதற்காக என்று நாம் சொல்லிக்கொள்வதில்தான் இருக்கிறது. முந்தைய ராத்திரி தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, ஓட முடியும். அதற்கு முந்தைய சில ராத்திரிகளில் நன்றாகத் தூங்கப் பாருங்கள்.

மன உறுதியால் சமாளிக்கவே கூடாத சில உண்டு. நெஞ்சு வலி, கண் இருட்டுவது, மல்லாந்து படுத்த பிறகும் அடங்காத மூச்சுத்திணறல். டிரையத்லானில் நடக்கும் உயிரிழப்புகளில் பெரும்பாலானவை நீச்சலில்தான். இவற்றில் எது வந்தாலும் உடனே கையை உயர்த்துங்கள், கயாக் வரும். குடும்பத்தில் யாருக்காவது இளவயதிலேயே இதயக் கோளாறு இருந்திருந்தால், இந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.